நடைவண்டி, வாளி, வாய்க்கால்: குழந்தைகள் வார்டு செவிலியரிடம் சில கேள்விகள்

குழந்தைகள் வார்டில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது தஞ்சாவூர்ப் பக்கத்தில் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். குழந்தையின் வளர்ச்சிப் பருவம், விளையாட்டு, அடிபடும் ஆபத்து ஆகியவை பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில்களும் இருக்கின்றன.

மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்: சிஸ்டர், என் மகளுக்கு ஒன்பது மாதம். தரையில் எது கிடந்தாலும் எடுத்து வாயில் போடுகிறாள். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

பதில்: அதைப் பழக்கம் என்று எண்ணாதீர்கள், அம்மா. அந்த வயதில் ஒரு பொருளை அறிந்துகொள்ளக் குழந்தைக்குக் கையைவிட வாய்தான் உதவுகிறது. ஆறு மாதத்தில் உள்ளங்கையால் வாரி எடுத்தவள், ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளி எடுக்கக் கற்றுக்கொள்கிறாள். போன மாதம் அவள் விரலுக்கு அகப்படாத புளியங்கொட்டை இந்த மாதம் அகப்படும். ஒருமுறை நீங்களே தரையில் குப்புறப் படுத்துப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சட்டைப் பொத்தானும் வேர்க்கடலையும் அப்போதுதான் கண்ணில் படும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் விளையாட்டுப் பொருளில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் நுழையக்கூடிய எந்த உதிரியும் இருக்கக் கூடாது.

எங்கள் வார்டுக்கு ஒரு மாசி மாதத்தில், பாட்டி முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தபோது கொட்டையை விழுங்கிய குழந்தை ஒன்று வந்தது. அது மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தது தெரியாமல், இரண்டு வாரம் இளைப்பு என்று மருந்து கொடுத்திருந்தார்கள். திடீரென்று புரையேறி, அதன் பிறகு இளைப்பு விடாமல் இருந்தால், அந்தப் புரையேறிய நேரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடைத்த நேரத்தில் குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமலும் அழுகையும் நின்றுபோனால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டி, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவே 5 முறை அழுத்தி, அடைப்பு விலகும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடித் தொண்டைக்குள் விரலை விடக் கூடாது.

இன்னொன்று, குளியலறையில் தண்ணீரோடு நிற்கும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கேட்காததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து செவிலியர் மாணவி: மேடம், இணை விளையாட்டுக்கும் கூட்டு விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு தேர்வில் ஒவ்வொரு முறையும் எனக்குக் குழம்புகிறது.

பதில்: 1932இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் வகுத்த விளையாட்டுப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதைவிட, வார்டில் இரண்டு வயதுக் குழந்தைகள் இருவரை ஒரே பாயில் உட்கார வைத்து, இருவர் கையிலும் ஒரு கிண்ணமும் கரண்டியும் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுவார்கள், ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், ஆனால் சேர்ந்து ஆட மாட்டார்கள். அது இணை விளையாட்டு. நான்கு வயதுக்காரர்கள் கிண்ணத்தைக் கடன் வாங்குவார்கள், பேசிக்கொள்வார்கள், ஆனால் பொதுவான நோக்கம் இருக்காது. பள்ளி வயதில்தான் ‘நீ டாக்டர், நான் பேஷண்ட்’ என்று பங்கு பிரித்து, விதி வகுத்து ஆடுவது, அதாவது கூட்டு விளையாட்டு, உறுதியாகிறது.

தேர்வுக்கு அப்பால் ஒன்று சொல்கிறேன். மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தை, ஊசி குத்திய துளை வழியாகத் தன் ரத்தமெல்லாம் ஒழுகிப்போய்விடும் என்று உண்மையாகவே அஞ்சும். நோய் வந்ததே தான் செய்த குறும்புக்குத் தண்டனை என்றும் எண்ணும். அந்த வயதில் சின்னப் பிளாஸ்திரி ஒன்றுதான் பெரிய மருந்து. பொம்மையின் கையிலும் ஒன்று ஒட்டச் சொல்லுங்கள்.

திருவாரூரிலிருந்து ஒரு தந்தை: எட்டு மாதக் குழந்தைக்கு வாக்கர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

பாபநாசத்திலிருந்து ஒரு தாய்: வாக்கரில் வைத்தால் குழந்தை சீக்கிரம் நடக்குமாமே?

பதில்: நடக்காது. உட்கார வைத்துத் தள்ளும் வாக்கரில் குழந்தை கால்விரல் நுனியால் உந்தப் பழகுகிறதே தவிர, தன் எடையைத் தானே தாங்கப் பழகுவதில்லை. அதனால் நடப்பது தாமதப்படவும் கூடும். அதன் வேகமோ நொடிக்கு ஒரு மீட்டர். திண்ணைப் படியும் அடுப்பும் இருக்கும் வீட்டில், நீங்கள் எழுவதற்குள் குழந்தை அங்கே போயிருக்கும். கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

ஆடுதுறையிலிருந்து ஒருவர்: என் இரண்டு பையன்களும் வாக்கரில் வளர்ந்தவர்கள்தான். ஒன்றும் ஆகவில்லை. கனடாவைச் சொல்லி ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: மகிழ்ச்சி, ஐயா. ஒன்றும் ஆகாத குழந்தைகள் எங்கள் வார்டுக்கு வருவதில்லை. ஆனவர்களை மட்டுமே நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நம் இருவரின் அனுபவமும் ஒருதலைப்பட்சமானதுதான். அதனால்தான் அனுபவத்தை விட்டு, படி, அடுப்பு, வேகம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன்.

திருவிடைமருதூரிலிருந்து ஒரு தச்சர்: அம்மா, நான் மூன்று தலைமுறையாக மர நடைவண்டி செய்கிறவன். நீங்கள் இப்படிப் பேசினால் நடைவண்டியையும் சேர்த்துத் திட்டுவதாகத்தான் சனங்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

பதில்: ஐயா, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. நான் சொல்லியது இருக்கை வைத்த வாக்கரை மட்டும்தான். மூன்று சக்கர மர நடைவண்டியில் குழந்தை தானே எழுந்து, பிடியைப் பற்றி, தன் காலில் நின்று தள்ளுகிறது. களைத்தால் கையை விட்டு உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே சிக்கிக்கொள்வதில்லை. பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தைக்கு, அதாவது பெரும்பாலும் பத்து மாதத்துக்கு மேல், அது நல்ல விளையாட்டுப் பொருள். ஒரே குறை, வழவழப்பான டைல்ஸ் தரையில் வண்டி முன்னே ஓட, குழந்தை முகம் குப்புற விழும். மண் தரைக்கும் சாணம் மெழுகிய முற்றத்துக்கும் செய்த வண்டி அது.

தச்சர்: அதற்குத்தான் சக்கரத்தை அச்சாணியில் இறுக்கிப் போடுவோம். இப்போது வாங்குகிறவர்கள், சரளமாக ஓடவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள்!

பதில்: திருப்பிக் கொடுக்காதீர்கள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அடிச்சட்டத்தில் ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றிக் கட்டி வைக்கலாம்.

வலங்கைமானிலிருந்து ஒரு தாய்: சிஸ்டர், வாக்கர் நல்லதா?

பதில்: மேலே உள்ள ஐந்து பதில்களையும் படியுங்கள்.

திருவையாற்றிலிருந்து ஒரு பாட்டி: கஞ்சி வடிக்கும்போது பேரன் மேல் தெறித்துவிட்டது. மாவு தடவினோம். சரிதானே?

பதில்: சரியில்லை, அம்மா. மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு, சுத்தமான துணியால் தளர மூடி அழைத்துச் செல்ல வேண்டும். முகம், கை, பிறப்புறுப்பில் பட்டிருந்தால் புண் சின்னதாக இருந்தாலும் இன்றே காட்டிவிடுங்கள்.

திருத்துறைப்பூண்டி அருகிலிருந்து அங்கன்வாடிப் பணியாளர்: ஆற்றில் தண்ணீர் வரும் காலத்தில் பெற்றோருக்கு என்ன சொல்வது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சித்திரை, வைகாசி முழுவதும் நம் வாய்க்கால்கள் வறண்டு கிடக்கின்றன. பிள்ளைகள் அதற்குள்தான் கிரிக்கெட் ஆடுகிறார்கள், மணல்வீடு கட்டுகிறார்கள். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தால், சில நாளில் கல்லணை தாண்டி, கடைமடைக்கு மெல்ல வந்துசேரும். மூன்று வயதுக் குழந்தையின் மனத்தில் அந்த இடம் இன்னும் விளையாட்டுத் திடல்தான். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில் நேற்று முழங்கால் ஆழம், இன்று மார்பளவு. ஆகவே தண்ணீர் வரும் வாரத்தில் வீடுவீடாகப் போய்ச் சொல்லுங்கள்.

சின்னக் குழந்தை மூழ்கும்போது பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமில்லாமல் முடிந்துவிடும். பிறந்த குழந்தையின் உயரத்தில் தலை மட்டுமே கால் பங்கு. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தலை கனம்தான். ஒரு வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது. (ஆம், மறுபடியும் வாளிதான்.) தூக்கிய குழந்தையைத் தலைகீழாகச் சுற்றும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது, வயிற்றுத் தண்ணீர் ஏறி நுரையீரலுக்குள் போகும், நேரமும் வீணாகும். மூச்சில்லாவிட்டால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இன்னொருவர் அதே நேரத்தில் 108ஐ அழைக்கட்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தாய்: இரண்டு வயது, பேச்சு வரவில்லை.

பதில்: முதலில் செவித்திறன் சோதனை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

திருவிடைமருதூர்த் தச்சர்: அம்மா, ஒரே ஒரு கேள்வி. பிடி எவ்வளவு உயரம் வைத்தால் நல்லது?

பதில்: குழந்தை நேராக நிற்கும்போது இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில், ஐயா. முடிந்தால் வாங்க வருகிறவர்களிடம் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.