சம்பளத்தைக் கூட்டியும் ஆள் நிற்கவில்லையே!

ஊழியர்களை நடத்துவது, தக்கவைப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

எங்கள் நிறுவனத்தில் ஆறு வருஷமாகக் கணக்கு பார்ப்பவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். வெளியில் 25 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்களாம். அதை நாங்களே கொடுத்து நிறுத்திக்கொள்ளலாமா?

கொடுக்கலாம். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். கடிதம் உங்கள் மேஜைக்கு வருவதற்கு முன்பே அவர் வேறு இடத்தில் விண்ணப்பித்து, இன்டர்வியூவுக்கு லீவு போட்டு, வீட்டிலும் பேசி முடித்திருப்பார். அதனால் ‘எவ்வளவு வேண்டும்?’ என்று தொடங்காதீர்கள். ‘வெளியே பார்க்கலாம் என்று முதலில் எப்போது தோன்றியது? அப்போது இங்கே என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் குறிப்பாக ஒரு சம்பவம் வெளியே வரும். கேட்ட லீவு கிடைக்காமல் போயிருக்கும். விலகிப்போன இன்னொருவரின் வேலையும் இவர் தலையில் ஏறியிருக்கும். அல்லது சின்னப் பிழைக்கு எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்திருக்கும். அது அப்படியே இருக்க, தொகை மட்டும் கூடினால் அவர் மறுபடி தேடத் தொடங்குவார்.

சம்பளம்தான் காரணம் என்றால், அதே பொறுப்பில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதே குறை இருக்கும். இவருக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால், இன்கிரிமென்ட் வாங்க வழி ராஜினாமாக் கடிதம்தான் என்று மற்றவர்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். எல்லோருக்கும் சரிசெய்ய முடியாவிட்டால் இவரை நல்லபடியாக அனுப்பிவைப்பதே மேல்.

அனுப்புவது என்று முடிவாகிவிட்டால் நோட்டீஸ் காலத்தை வீணடிக்காதீர்கள். பல இடங்களில் கடைசி மூன்று நாளில் அவசர அவசரமாகப் பொறுப்பை மாற்றுகிறார்கள். முதல் வாரத்திலேயே அவரை மூன்று பட்டியல்கள் எழுதச் சொல்லுங்கள்: தினமும் செய்வது, மாதம் ஒருமுறை செய்வது, வருஷத்துக்கு ஒருமுறை செய்வது. விடுபட்டுப்போவது எப்போதும் மூன்றாவதுதான். வருஷக் கணக்கு முடிக்கும்போது எந்தக் கோப்பு எங்கே கிடைக்கும், தணிக்கையாளர் எதைத் தோண்டிக் கேட்பார், எந்த வாடிக்கையாளருக்கு வாய்ப்பேச்சில் தவணை தள்ளிக் கொடுத்திருக்கிறோம் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும். இன்னொன்று, போகிறவர் செய்துகாட்ட வருகிறவர் தலையாட்டிக்கொண்டிருந்தால் எதுவும் கைமாறாது. வருகிறவர் கணினி முன்னால் உட்காரட்டும், போகிறவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கட்டும். புதியவரின் கை எங்கே நிற்கிறதோ, அதை அப்போதே எழுதிவையுங்கள்.

எடுக்கிற ஆட்களில் பாதிப்பேர் மூன்று மாதத்துக்குள் போய்விடுகிறார்கள். ‘இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை’ என்கிறார் மேலாளர். அப்படித்தானா?

தலைமுறையைக் குறை சொல்லும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். வருஷத் தொடக்கத்தில் 40 பேர், முடிவில் 44 பேர் என்றால் சராசரி 42. அந்த வருஷம் 9 பேர் விலகினால் விலகல் விகிதம் சுமார் 21 சதவீதம். இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த 9 பேரையும் பிரியுங்கள்: 90 நாளுக்குள் போனவர்கள், ஒரு வருஷத்துக்குள் போனவர்கள், அதற்கு மேல் இருந்து போனவர்கள். முதல் கூட்டம்தான் பெரிது என்றால் கோளாறு ஆள் எடுக்கும் விதத்திலோ முதல் சில வாரங்களிலோ இருக்கிறது. மூன்றாவது கூட்டம் பெரிது என்றால் சம்பளம், வளர்ச்சி, மேலதிகாரி என்று தேட வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

உங்களுடையது முதல் வகை. இன்டர்வியூவில் வேலையின் மோசமான பகுதியைச் சொல்கிறீர்களா? நாள் முழுக்க நிற்க வேண்டும், மாதக் கடைசியில் நேரமாகும், வாடிக்கையாளர் கத்துவார் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொன்னால் சிலர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். அது லாபம்தான், இல்லாவிட்டால் இரண்டு மாதம் பயிற்சி கொடுத்த பிறகு அதே முடிவுக்கு வருவார்கள். முடிந்தால், சேரப்போகிற இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை நடப்பதைப் பார்க்க விடுங்கள்.

முதல் நாளைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். புதியவர் வந்து நிற்கிறார். உட்கார இடமில்லை, கணினிக்குள் நுழையக் கடவுச்சொல் இல்லை, மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார், ‘இதைப் படித்துக்கொண்டிருங்கள்’ என்று ஒரு கையேடு கைக்கு வருகிறது. மதியம் யாரோடு சாப்பிடுவது என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று மாலையே பழைய வேலைத் தேடல் விளம்பரங்களைப் புரட்டத் தொடங்கிவிடுவார். இடம், கடவுச்சொல், அடையாள அட்டை மூன்றும் முந்தின நாளே தயாராக இருக்கட்டும். மேலாளர் அல்லாத, அவர் வயதை ஒட்டிய ஒரு சக ஊழியரைத் துணைக்கு விடுங்கள். எதையும் கூச்சமில்லாமல் கேட்க ஒரு ஆள் வேண்டும். முதல் வாரத்துக்குள் சின்னதாகவேனும் ஒரு வேலையை முழுசாக முடிக்கக் கொடுங்கள். 7, 30, 60, 90-ஆம் நாட்களில் 15 நிமிஷம் பேச்சு. ‘இன்டர்வியூவில் சொன்னதும் இங்கே நடப்பதும் எங்கே வேறுபடுகிறது?’ என்ற கேள்வி நான்கு முறையும் வர வேண்டும்.

தாமதமாக வருபவர்களுக்கு அபராதம் போட்டால் சரியாகுமா?

அதிகமாகவும் ஆகலாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் நடந்த ஓர் ஆய்வை யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000-இல் வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்கள் சிறிய அபராதம் விதித்தன. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ‘காத்திருக்க வைக்கிறோமே’ என்ற சங்கடம் போய், ‘அதற்குத்தான் காசு கட்டுகிறோமே’ என்ற நினைப்பு வந்துவிட்டது.

அரை நாள் சம்பளம் பிடிக்கும் வழக்கம் இன்னும் மோசம். 10 நிமிஷம் தாமதமானவர், எப்படியும் அரை நாள் போய்விட்டது என்று மதியமே வருவார்.

முதலில் தாமதத்தால் எந்த வேலை கெடுகிறது என்று பாருங்கள். ஷிப்ட் மாற்றம், கவுன்ட்டர் திறப்பு போன்றவற்றில் நேரம் கறாராக இருக்கத்தான் வேண்டும். அங்கே அடுத்தவர் வந்த பிறகே முந்தையவர் கிளம்ப முடியும் என்று வைத்தால், காத்திருப்பவரின் முகத்துக்கு அபராதத்தைவிட வலு அதிகம். வேலை எதுவும் கெடாத இடத்தில் ஒரு மணி நேரம் முன்பின் அனுமதித்துவிட்டு மாலையில் ஈடுகட்டச் சொல்லுங்கள். ஒருவர் மட்டுமே திரும்பத் திரும்பத் தாமதம் என்றால் தனியே அழைத்து, நாளையும் நேரத்தையும் விளைவையும் சொல்லுங்கள்: ‘திங்களும் புதனும் 9:25-க்கு வந்தீர்கள். இரண்டு நாளும் முதல் வண்டி சரக்கு இறக்காமல் நின்றது. என்ன சிக்கல்?’ ‘நீங்கள் எப்பவுமே லேட்’ என்றால் சண்டைதான் வரும். இந்த ஒருவருக்காக எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பாதீர்கள். நேரத்துக்கு வருபவர்களுக்குத்தான் அது உறுத்தும்.

புதிதாக எடுத்தவருக்குப் பழையவர்களைவிடச் சம்பளம் அதிகம். விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. எப்படிச் சமாளிப்பது?

இதைப் பேசிச் சமாளிக்க முடியாது, பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பொறுப்பு, அனுபவம், திறன், சம்பளம் என நான்கு கட்டம் போட்டு எல்லோரையும் எழுதுங்கள். காரணம் சொல்ல முடியாத இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே நிரப்புங்கள். மொத்தமாக முடியாவிட்டால் இரண்டு தவணையில், தேதி சொல்லி. ‘சம்பளத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது’ என்ற உத்தரவு மட்டும் வேண்டாம். அது சந்தேகத்தைத்தான் கூட்டும். சில நாடுகளில் சட்டத்துக்கும் விரோதம்.

சம்பளம் முக்கியமில்லை, மரியாதைதான் முக்கியம் என்று மேடையில் பேசுவது எளிது. 1913-இல் ஃபோர்டு கார் நிறுவனத்தில் விலகல் விகிதம் 370 சதவீதம், அதாவது 100 பேர் வேலை செய்யும் இடத்தில் வருஷத்துக்கு 370 விலகல். ஒரே மாதிரி அசைவை நாள் முழுக்கச் செய்ய ஆட்களால் முடியவில்லை. 1914 ஜனவரியில் நிறுவனம் தகுதி பெற்றவர்களுக்கு நாளுக்கு 5 டாலர் என்று கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியது, வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்தது. விலகல் சரசரவென்று இறங்கியது. கூடவே, தகுதியைச் சோதிக்கத் தொழிலாளர்களின் வீட்டு வாழ்க்கையைத் துருவ ஆட்களையும் அனுப்பியது. அந்தப் பகுதி யாரும் பின்பற்றத் தக்கதல்ல.

எங்களிடம் இருந்ததிலேயே கெட்டிக்காரரைச் சூப்பர்வைசர் ஆக்கினோம். இப்போது அவர் வேலையும் கெட்டு, குழுவும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

பழைய டார்கெட்டைக் குறைக்காமல் பதவியை மட்டும் கொடுத்திருப்பீர்கள். தன் வேலையையும் செய்து எட்டுப் பேரையும் பார்க்க வேண்டுமென்றால், கைவந்த வேலைக்குள்தான் அவர் ஒளிந்துகொள்வார். மற்றவர் தடுமாறினால் சொல்லித்தராமல் பிடுங்கித் தானே செய்வார். அவருடைய சொந்த உற்பத்திப் பொறுப்பைப் பாதியாக்கி, எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் ஒட்டவில்லை என்றால் மூத்த நிபுணர் என்ற பொறுப்பில், சம்பளம் குறையாமல் திரும்ப வழி வையுங்கள். அடுத்த முறை பதவிக்கு முன்பே இந்த எட்டு வாரத்தை ‘தற்காலிகப் பொறுப்பு’ என்று அறிவித்துவிட்டால் யாருக்கும் அவமானமில்லை.

‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ விருது பயன் தருமா?

மூன்றாவது மாதம் வரை. அதன் பிறகு ஒருவரே வாங்குவார் அல்லது முறைவைத்து எல்லோரும் வாங்குவார்கள். அதைவிட, செய்த வேலையைக் குறிப்பிட்டு அந்த வாரத்துக்குள்ளேயே நேரில் பாராட்டுங்கள்.

மாதம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுகிறேன். ‘எல்லாம் ஓகே சார்’ தவிர எந்தப் பதிலும் வருவதில்லை.

‘எல்லாம் எப்படிப் போகிறது?’ என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: ‘இந்த மாதம் எந்த வேலை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது?’ ‘யாருடைய பதிலுக்காகக் காத்திருந்தீர்கள்?’ ‘நான் தலையிடாமல் இருந்திருந்தால் எது சீக்கிரம் முடிந்திருக்கும்?’ மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டு, மௌனம் எவ்வளவு நீண்டாலும் நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். வந்த பதிலுக்கு விளக்கமோ சமாதானமோ சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு முன் அதில் ஒன்றையாவது முடித்திருக்க வேண்டும், அது பழுதான பிரிண்டராக இருந்தாலும் சரி. முடியாததை ஏன் முடியாது என்று சொல்லிவிடுங்கள். சந்திப்பைத் தள்ளிவைத்தால் அதே வாரத்தில் வேறு நேரம் குறியுங்கள். தொடர்ந்து இரண்டு முறை ரத்தானால், மறுபடி ‘எல்லாம் ஓகே சார்’தான்.