சமுலா தேவாலயத்துக்குள் செல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

டிசம்பரில் மெக்சிகோவின் சியாப்பாஸ் மலைநாட்டுக்குச் செல்கிறோம். சான் கிறிஸ்டோபல் நகரில் தங்கி, அருகிலுள்ள மாயர் பூர்வகுடிக் கிராமங்களையும் பார்க்க எண்ணம். சான் ஹுவான் சமுலா தேவாலயத்தைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிறர் வழிபடுவதை வேடிக்கை பார்ப்பது தவறு என்கிறாள் மகள். தங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

செல்லுங்கள். ஆனால் உங்கள் மகளின் கேள்வி நியாயமானது, அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சான் கிறிஸ்டோபல் டி லாஸ் காசாஸ், 1528இல் ஸ்பானியர் நிறுவிய நகரம். பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைக் கண்டித்து எழுதிய ஆயர் பார்த்தலோமே டி லாஸ் காசாஸின் பெயரைத் தாங்கிய அந்நகரத்திலேயே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாயர்கள் நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1994 ஜனவரி 1 அன்று, பெரும்பாலும் மாயர் உழவர்களைக் கொண்ட சப்பாதிஸ்தா படை இந்நகரத்தைக் கைப்பற்றியதன் பின்னணியில் இந்த நீண்ட அவமதிப்பும் இருந்தது. வண்ணம் பூசிய வீடுகளையும் காபிக் கடைகளையும் மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

சமுலா அங்கிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். தேவாலயத்துக்குள் இருக்கைகள் இல்லை. தரை முழுவதும் பைன் ஊசியிலைகள் பரப்பப்பட்டிருக்கும். அவற்றை விலக்கி, தரையிலேயே மெழுகுவத்திகளை வரிசையாக ஒட்டி ஏற்றி, குடும்பம் குடும்பமாக மண்டியிட்டு த்சோத்சில் மொழியில் வேண்டிக்கொள்வார்கள். போஷ் என்னும் சாராயமும் குளிர்பானமும் படையலில் இருக்கும், சில வேளைகளில் கோழியும் பலியாகும். வழிகாட்டிகள் இதைக் கத்தோலிக்கமும் மாயர் சமயமும் கலந்த விந்தை என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அங்கே மண்டியிட்டிருப்பவர்களில் பலர் நோயாளிகள், உடனிருப்பவர் நாடி பார்த்துச் சடங்கு செய்யும் மருத்துவர் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருத்துவமனைக் கட்டிலருகே சென்று முன்பின் அறியாத நோயாளியை நாம் படமெடுப்பதில்லை. ஆகவே தேவாலயத்துக்குள் படமெடுக்கக் கூடாது என்ற தடையை அவர்களின் உரிமையாகவே கருதுகிறேன்.

இதனால் அந்த ஊரைப் புனிதப்படுத்தவும் நான் விரும்பவில்லை. 1970களிலிருந்து புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு மாறிய பல்லாயிரம் பேரைச் சமுலாவின் தலைவர்கள் ஊரைவிட்டு விரட்டினார்கள்; அவர்களில் பலர் சான் கிறிஸ்டோபலின் விளிம்புக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். மரபைக் காப்பதற்கு எளியவர்கள் கொடுத்த இந்த விலையை அறியாமல் அம்மரபைப் போற்றுவது சரியன்று.

அருகிலுள்ள சினாகந்தானில் பசுங்குடில்களில் மலர் வளர்ப்பும், இடுப்பில் கட்டி நெய்யும் தறியும் உண்டு. துணி வாங்குவதானால் நெய்த பெண்களிடமே வாங்குங்கள், பேரம் பேச வேண்டாம். ஒரு மேலாடையின் பூவேலைக்குப் பின்னால் பல வார உழைப்பு இருக்கக்கூடும்.

த்சோத்சில் பேசும் உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்ளுங்கள். தேவாலயத்தில் கைபேசியை வெளியே எடுக்காமல், சுவரோரமாகச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்துவிடுங்கள். மகளுக்கு உள்ளே வர மனமில்லையெனில் வற்புறுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வாசலுக்கு எதிரே சந்தை கூடியிருக்கும், அவள் அங்கே காத்திருக்கலாம்.