திரையில்லாத ஸ்விட்ச் வருமென்று காத்திருக்கலாமா?

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9. கையில் வைத்தும் டிவியில் இணைத்தும் விளையாடும் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியை இருவரும் கேட்கிறார்கள். வெளியே எடுத்துப்போக விடப்போவதில்லை, கூடத்து டிவியில் மட்டும்தான் விளையாட வேண்டும் என்பது எங்கள் முடிவு. அப்படியிருக்க, திரைக்கும் பேட்டரிக்கும் நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? கையில் வைத்து விளையாட மட்டும் மலிவான 'லைட்' விற்கிறார்கள். அதேபோல டிவிக்கு மட்டுமான ஒன்றையும் விடுவதுதானே நியாயம்? வருமென்றால் காத்திருக்கிறோம். இல்லையென்றால் லைட்டை வாங்கி, டாக்கை (கருவியை உள்ளே வைத்து டிவியோடு இணைக்கும் தாங்கி) தனியாக வாங்கி டிவியோடு இணைத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பணம் வீணாவது அங்கேதான். ஸ்விட்ச் லைட்டை எந்த டாக்கில் வைத்தாலும் டிவியில் படம் வராது. அதன் அடியில் இருக்கும் யூஎஸ்பி-சி துளையில் படத்தை வெளியே அனுப்பும் வசதியே கிடையாது. லைட்டுக்கும் பொருந்தும் என்று எழுதி விற்கும் டாக் சார்ஜ் ஏற்றும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது. இரண்டையும் வாங்கிவிட்டு, எச்டிஎம்ஐ கேபிளில்தான் கோளாறு என்று நம்பி மூன்றாவது கேபிளோடு என்னிடம் வந்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று கேபிளும் நன்றாகத்தான் இருந்தன.

இனி உங்கள் நியாயத்துக்கு வருவோம். ஸ்விட்ச் 2017 மார்ச் 3 அன்று 299.99 டாலருக்கு வந்தது. (இங்கே சொல்லும் டாலர் விலைகள் அமெரிக்க டாலரில், வெளியானபோது இருந்தவை, கனடிய டாலர் என்றால் குறிப்பிடுகிறேன்.) திரையையும் பேட்டரியையும் எடுத்துவிட்டால் பாதி விலைக்குத் தரலாமே என்று அப்போது நானும் நினைத்தேன். கருவியைத் திறந்து பார்க்கப் பழகிய பிறகுதான் கணக்கு வேறு என்று தெரிந்தது.

பின்மூடியில் ஒய் வடிவத் திருகுகள் இருக்கும். வீட்டிலுள்ள திருப்புளி அவற்றைப் பிடிக்காது. மூடியைக் கழற்றினால் 4,310 எம்ஏஎச் பேட்டரி பசை போட்டு ஒட்டிக் கிடக்கும். பக்கத்தில் சின்ன விசிறி, வெப்பத்தைக் கடத்தும் செம்புக் குழாய், உள்ளங்கையில் அடங்கும் சர்க்யூட் பலகை. முன்பக்கத்தில் 6.2 அங்குலத் திரை. அது 720பி தரத்தில் வேலை செய்யும் சாதாரண எல்சிடி. 2017லேயே உயர்ரகம் என்று சொல்ல முடியாதது. டாக்கைத் திறந்தால் இன்னும் ஏமாற்றம். அத்தனை பெரிய பெட்டிக்குள் சிறு பலகை ஒன்றும் நிறைய வெற்றிடமும்தான். விலையைத் தூக்கி நிறுத்துவது அந்தப் பலகையில் இருக்கும் சிப்பும் நினைவகமும், கருவியின் இருபக்கமும் செருகிக் கழற்றும் ஜாய்-கான் என்ற இரண்டு கன்ட்ரோலர்களும். சிப்பும் நினைவகமும் ஏதாவதொரு கன்ட்ரோலரும் இல்லாமல் டிவிக்கு மட்டுமான கருவியும் ஓடாது.

இது என் ஊகம் என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்விட்சில் இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 என்ற சிப். அதே சிப் குடும்பத்தைக் கொண்டு, திரையும் பேட்டரியும் இல்லாமல் டிவியில் மட்டும் வேலை செய்யும் ஒரு பெட்டியை என்விடியாவே 2015இல் விற்றது. ஷீல்டு டிவி என்று பெயர். 16 ஜிபி சேமிப்பும் ஒரு கன்ட்ரோலரும் சேர்த்து 199 டாலர். ஆக, திரையில்லாத ஸ்விட்ச் எவ்வளவுக்கு வந்திருக்கும் என்று கேட்டால், 200 டாலருக்குப் பக்கம் என்பேன்.

நூறு டாலர் மிச்சமாகிறதே என்பீர்கள். உங்கள் வீட்டில் இரண்டு பேர். ஸ்விட்சோடு வரும் ஜாய்-கான் ஜோடியைப் பிரித்து ஆளுக்கொன்றாகப் படுக்கைவாட்டில் பிடித்தால், மாரியோ கார்ட் போன்றவற்றுக்கு இரண்டு கன்ட்ரோலர் தயார். இரண்டாவதுக்குக் காசு இல்லை. டிவி பெட்டியோடு வழக்கமான பெரிய கன்ட்ரோலர் ஒன்றைத்தான் வைப்பார்கள். நிண்டெண்டோவின் ப்ரோ கன்ட்ரோலர் 69.99 டாலர். இரண்டாவது பிள்ளைக்கு அதை வாங்கியதுமே 270 ஆகிவிடும். சரி, ஜாய்-கானையே வைத்து விற்கட்டும் என்றால், அவற்றுக்கு எங்கே சார்ஜ் ஏற்றுவது? இப்போது கருவியின் பக்கவாட்டில் செருகினால் ஏறிக்கொள்கிறது. பக்கவாட்டே இல்லாத பெட்டிக்குத் தனியாக சார்ஜ் கிரிப் (ஜாய்-கான் இரண்டையும் பொருத்திப் பிடிக்கும் சட்டம்) வேண்டும். வெளியீட்டின்போது அது 29.99 டாலர். ஸ்விட்ச் பெட்டிக்குள் இலவசமாக வரும் கிரிப் சார்ஜ் ஏற்றாது என்பதைப் பலர் வாங்கிப் பல மாதம் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். முதல் வழியில் மிஞ்சுவது முப்பது டாலர், இரண்டாவதில் எழுபது.

உறுப்பைக் குறைத்தால் விலை எவ்வளவு குறையும் என்பதற்கு நிண்டெண்டோவே ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. 2018இல் ஜப்பானில், வீட்டுக்கு இரண்டாவதாக வாங்குபவர்களுக்கென்று டாக், அடாப்டர், எச்டிஎம்ஐ கேபிள், கிரிப் எதுவும் இல்லாத ஸ்விட்சைத் தன் இணையக் கடையில் விற்றது. முழுத் தொகுப்பு 29,980 யென், இது 24,980. நான்கு பொருளை எடுத்ததற்கு 5,000 யென்தான் குறைத்தார்கள்.

லைட் மட்டும் எப்படி நூறு டாலர் குறைவாக வந்தது? 2019 செப்டம்பரில் 199.99 டாலருக்கு வந்த அது, டிவி இணைப்பை மட்டும் விட்டுவிடவில்லை. கழற்றிப் பிரிக்கும் ஜாய்-கானையே விட்டுவிட்டது. கன்ட்ரோலர் உடலோடு ஒட்டியது, அதிர்வு கிடையாது, திரையும் 5.5 அங்குலமாகச் சுருங்கியது. அப்படியும் கையில் எடுத்தால் முழுமையான கருவி, வேறெதுவும் வேண்டாம். டிவி பெட்டிக்கு டிவி வேண்டும், கன்ட்ரோலர் வேண்டும். அது ஒருபோதும் தனியாக நிற்காது.

நிண்டெண்டோ பார்க்கும் கணக்கு இன்னொன்று. ஒரு வீட்டுக்கு ஒன்று என்பதிலிருந்து ஆளுக்கு ஒன்று என்ற இடத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்த நிறுவனம் ஒளிக்கவில்லை. லைட் அதற்கு வாகானது: அண்ணனிடம் ஸ்விட்ச் இருக்கும் வீட்டில் தங்கைக்கு ஒன்று. டிவிக்கு மட்டுமான கருவியோ வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒன்றோடு நின்றுவிடும். அதுமட்டுமல்ல, முழு விலைக்கு விற்றிருக்க வேண்டிய கருவியின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாங்குபவர்களும் குறைவு. 2017 அக்டோபரில் அந்த நிறுவனம் முதலீட்டாளர்களுக்குக் காட்டிய கணக்கில், பெரும்பாலும் டிவியில் மட்டுமே விளையாடியவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு விதமாகவும் விளையாடியவர்கள்.

கையடக்கக் கருவியிலிருந்து திரையைப் பிடுங்கி டிவிக்கு மட்டும் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு உண்மையான உதாரணம் சோனியிடம் இருக்கிறது. பிளேஸ்டேஷன் விடா என்ற கையடக்கக் கருவியின் உள்ளுறுப்புகளைச் சீட்டுக்கட்டு அளவுப் பெட்டியில் அடைத்து, 2013 நவம்பரில் ஜப்பானில் விடா டிவி என்று வெளியிட்டது. விலை 10,000 யென்னுக்கும் கொஞ்சம் கீழே. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் டிவி என்ற பெயரில் 99 டாலர். விலை என்றால் அதுதான் விலை. நீங்கள் கேட்பது அப்படியே கிடைத்தது. ஆனால் விடாவின் விளையாட்டுகள் முன்பக்கத் தொடுதிரை, பின்பக்கத் தொடுபலகை, கேமரா, சாய்த்தால் உணரும் கருவி எல்லாம் கையில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. டிவியைத் தொட்டு என்ன பயன்? அதனால் எவை ஓடும் என்று சோனி பட்டியல் போட்டது. விடாவோடு ஒரே சமயத்தில் வெளியான அன்சார்ட்டட்: கோல்டன் அபிஸ் என்ற விளையாட்டே அந்தப் பட்டியலில் இல்லை. கடையில் வாங்கிய காட்ரிட்ஜைச் செருகினால், இந்தக் கருவியில் ஓடாது என்று திரையில் எழுத்து வரும். ஓரிரு ஆண்டில் கடையைக் கட்டினார்கள்.

நிண்டெண்டோவுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவு பெரிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்விட்சில் ஏறத்தாழ எல்லாமே டிவியில் ஓடும்படி முதலிலிருந்தே எழுதப்படுகின்றன. மூளைப் பயிற்சி விளையாட்டு போலத் தொடுதிரையில் எழுதியே தீர வேண்டியவை சிலதான். ஆகவே தொழில்நுட்பத்தில் தடை இல்லை. பெட்டியைச் செய்ய முடியும். செய்து விற்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

எப்போதுமே வராதா? நிண்டெண்டோ தன் கருவியிலிருந்து முக்கிய அம்சத்தையே வெட்டி மலிவாக விற்றதும் உண்டு. முப்பரிமாணத் திரைக்காகவே பேர்பெற்ற 3டிஎஸ்ஸிலிருந்து முப்பரிமாணத்தை நீக்கி, மடிக்கும் கீலையும் நீக்கி, 2013இல் 129.99 டாலருக்கு 2டிஎஸ் என்று விற்றது. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கத் தோதாக இருந்தது, எனக்குப் பிடித்த கருவிகளில் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில், வீ என்ற தன் டிவி கருவியை வெட்டிக் குறைத்து வீ மினி என்று விட்டது. உங்கள் கனடாவில்தான் அதை முதலில் விற்றார்கள், 99.99 கனடிய டாலருக்கு. இணைய வசதி கிடையாது, பழைய கேம்கியூப் விளையாட்டுகள் ஓடாது. ஆனால் அது வந்தபோது வீயின் வாரிசான வீ யூ கடைக்கு வந்துவிட்டிருந்தது. வெட்டிக் குறைத்த அந்தக் கருவி, வீயின் ஆயுள் முடியும் நேரத்தில் வந்தது. பழைய ஸ்விட்சுக்கு அந்த வயது ஆகிவிட்டதுதான். இருந்தும் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அதன் விலை 299.99இலிருந்து 339.99 ஆக ஏறியது, கனடாவிலும் ஏற்றினார்கள். எட்டு வயதுக் கருவிக்கு விலை ஏற்றும் நிறுவனம் மலிவுப் பதிப்பு விடும் என்று நம்பி உங்கள் பிள்ளைகளைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை.

என் கருத்தைக் கேட்டால், அவர்கள் விடாததும் சரிதான். கூடத்து டிவி ஒன்று, வீட்டில் ஆட்கள் நான்கு பேர். ஞாயிறு மாலை அப்பா ஹாக்கி பார்க்க உட்கார்ந்தால், திரையில்லாத பெட்டியை வைத்துக்கொண்டு மகன் என்ன செய்வான்? ஸ்விட்ச் என்றால் டாக்கிலிருந்து தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போய்விடுவான். விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். வெளியே கொண்டுபோக விடாத வீட்டிலும் திரைக்கு இந்த வேலை இருக்கிறது.

அதனால் என்ன வாங்கலாம்? புதிதாக என்றால் ஸ்விட்ச் 2 பக்கம் போவது எனக்குச் சரியாகப் படுகிறது. 2025 ஜூன் 5இல் வந்தது, அப்போது கனடாவில் 629.99 கனடிய டாலர். டாக்கில் வைத்தால் 4கே படம் தரும், பழைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஓடும். அந்தத் தொகை அதிகம் என்றால், பிள்ளைகள் கேட்பது மாரியோவும் அனிமல் கிராசிங்கும்தான் என்றால், பழைய ஸ்விட்ச் தாராளமாகப் போதும். ஓஎல்ஈடி பதிப்புக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்தக் கூடுதல் பெரும்பாலும் 7 அங்குல நல்ல திரைக்கானது, டிவியில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இன்னொரு வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். நீங்கள் கேட்ட டிவிக்கு மட்டுமான மலிவு ஸ்விட்ச் உண்மையில் சந்தையில் கிடைக்கிறது: திரை உடைந்த பழைய ஸ்விட்ச். பிள்ளை கீழே போட்டு எல்சிடி கறுத்துப்போனதைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள். டாக்கில் வைத்தால் டிவியில் பழுதில்லாமல் ஓடும். எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே மூன்று வருடமாக அப்படி ஒன்று நிற்கிறது, மூலையில் கறுப்பு மை கொட்டியதுபோலக் கறையோடு. 2017 மாதிரியில் தொடுபலகையும் எல்சிடியும் தனித்தனி. பிற்பாடு மனம் வந்தால் எல்சிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் விற்பவர் வீட்டிலேயே டாக்கில் வைத்து, டிவியில் ஓடவிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் ஓடட்டும், விசிறி கரகரத்தால் வேண்டாம். இணையக் கடை திறக்கிறதா பாருங்கள். திருட்டு மென்பொருள் ஏற்றியதால் தடை செய்யப்பட்ட கருவி என்றால் திறக்காது. தடை கருவியின் மேல் விழுவது, உங்கள் கணக்கில் நுழைந்தாலும் நீங்காது. ஜாய்-கான் குச்சியைத் தொடாமல் விட்டால் திரையில் ஆள் தானாக நகர்கிறதா என்றும் கவனியுங்கள், அந்தப் பழுது மிகச் சாதாரணம். டாக் நிண்டெண்டோவின் அசலாகவும், அடாப்டர் அதோடு வந்த 15 வோல்ட் அடாப்டராகவும் இருக்கட்டும். போன் சார்ஜரைச் செருகிவிட்டு டாக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

எந்தக் கருவியானாலும் எப்போதும் டாக்கிலேயே நிற்கப்போகிறது என்றால் பேட்டரியை மறந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, சார்ஜ் பாதியாகும்வரை விளையாட விடுங்கள். திரை உடைந்ததாக இருந்தால் சும்மா எடுத்து இயக்கி வைத்தாலே போதும். ஸ்விட்ச் 2இல் சார்ஜை 90 சதவீதத்துக்கு அருகில் நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றச் சொல்கிறது நிண்டெண்டோ. என்றைக்காவது பின்மூடி லேசாக உப்பி, டாக்குக்குள் இறங்க மறுத்தால், அழுத்திச் செருகாமல் அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.