பெல்ட் அறுந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள்

கேள்வி: மணலியில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பின் மைதானத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டும் டிராக்டர் ஒன்று இருக்கிறது, வெளிநாட்டுத் தயாரிப்பு. பிளேடுகள் சுழலும் டெக்கில் பெல்ட் நிற்பதே இல்லை. முதலில் இருந்த பெல்ட் அடிக்கடி புரண்டு, ஒரு ஓரம் பிசிறு விட்டு அறுந்தது. அதன் முதுகில் 4எல் 960 என்று மங்கலாகத் தெரிந்தது. பிராட்வேயில் ஒரு கடையில் டேப் வைத்து அளந்து ஏ96 கொடுத்தார்கள். அதிலிருந்து மூன்று பெல்ட் மாற்றிவிட்டோம். மூன்றும் கருகின. டெக்கையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பெல்ட்டுக்குப் பணம் உடனே கிடைக்கிறது. வேறு எதற்கும் அலுவலகத்தில் அனுமதி இழுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: டெக்கை மாற்ற வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதல் பெல்ட்டைக் கொன்றது ஒன்று. அடுத்த மூன்றையும் கொன்றது வேறொன்று. இரண்டாவது, கடையில் காசு கொடுத்து வாங்கியது. அதையே முதலில் சொல்கிறேன்.

4எல் 960 என்றால் அரை அங்குல அகலம், அதாவது பட்டறைக் கணக்கில் நாலு நூல். வெளிச்சுற்று நீளம் 96 அங்குலம். கடைசி இலக்கம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஏ96 என்பதிலும் அதே அரை அங்குல அகலம்தான், ஆனால் அந்த 96 உள்சுற்று நீளம். ஏ வகை பெல்ட்டின் வெளிச்சுற்று, உள்சுற்றைவிட ஏறத்தாழ 2 அங்குலம் அதிகம். ஆக உங்களுக்குக் கொடுத்தது வெளியே 98 அங்குலம் வரும் பெல்ட். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஏ94. கடைக்காரர் பழைய பெல்ட்டின் முதுகில் டேப்பை ஓட்டினார், 96 வந்தது, 96 என்று எழுதியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அது அரை நிமிட வேலை. உங்களுக்கு மூன்று பெல்ட்.

இரண்டு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். டெக் பெல்ட்டை இறுக்குவது ஒரு ஸ்பிரிங்கும், அது இழுக்கும் கையில் பொருத்திய ஐட்லர் புல்லியும்தான். அந்தக் கை நகர்வதற்கு ஓர் எல்லை உண்டு. பெல்ட் நீளமாக இருந்தால் கை எல்லை வரை போய் முட்டி நின்றுவிடும். அதற்குமேல் ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் பெல்ட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. காற்றில் சும்மா சுற்றும்போது நன்றாகவே ஓடும். அடர்ந்த புல்லில் இறக்கியதும் பிளேடு தயங்கும், இன்ஜின் புல்லி மட்டும் சுழலும், பெல்ட் நழுவும், பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்துக் கருகும். சோதிப்பது எளிது. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, பிளேடு லிவரை மட்டும் இழுத்து வையுங்கள். குனிந்து அந்தக் கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முட்டி நின்றால் பெல்ட் நீளம். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

பிளக் வயர் விஷயத்தை இன்னொரு முறை சொல்கிறேன். சாவியை எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிளேடைக் கையால் திருப்பும் வேலை எதுவானாலும் முதலில் வயர் கழன்றிருக்க வேண்டும்.

இனி முதல் பெல்ட். புரண்டு, ஒரு ஓரம் மட்டும் பிசிறு விட்ட பெல்ட் கோணலான பாதையில் ஓடியிருக்கிறது. பத்தில் எட்டு தடவை காரணம் பேரிங். பெல்ட்டை முழுதாகக் கழற்றி ஓரம் வையுங்கள். டெக்கில் உள்ள ஒவ்வொரு புல்லியையும் தனித்தனியாகக் கையால் சுற்றுங்கள். வழவழவென்று ஓசையில்லாமல் சுற்ற வேண்டும். உள்ளே மணல் அரைபடுவதுபோல் விரலில் உணர்ந்தால் அந்த பேரிங் போய்விட்டது. அடுத்து ஐட்லர் புல்லியை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசாக ஆடினாலே பெல்ட் சாய்ந்துதான் ஏறும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்பிண்டில், அதாவது பிளேடைத் தாங்கிச் சுழலும் அச்சு, அதன் பேரிங்கும் முடிந்தது. ஐட்லர் புல்லி தாங்கும் கையின் திருகு ஆணியில் கிரீஸ் காய்ந்து கை சிக்கிக்கொள்வதும் உண்டு. கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தால் தீரும்.

பெல்ட்டையே பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். சுற்றிலும் ஒரே மாதிரி பளபளத்திருந்தால் நழுவல். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கருகிப் பள்ளமாயிருந்தால், பெல்ட் அசையாமல் நிற்க இன்ஜின் புல்லி அதே இடத்தைத் தேய்த்திருக்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு ஸ்பிண்டில் இறுகிப்போயிருக்கிறது, அல்லது கயிறோ கம்பியோ பிளேடில் சுற்றியிருக்கிறது. செத்த பெல்ட்டைத் தூக்கி எறியாமல் ஒரு ஆணியில் மாட்டி வையுங்கள்.

பேரிங் வாங்கும்போது பழையதன் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து வாங்குங்கள். டெக்குகளில் பெரும்பாலும் வருவது 6203 அல்லது 6204. 6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, தடிமன் 12. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் முக்கியம். 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றால் தகட்டு மூடி. ஈரப் புல்லும் மண்ணும் படும் இடத்துக்கு ரப்பர் மூடிதான் சரி. கடையில் கேட்காமலே இசட்இசட் கையில் திணிப்பார்கள், இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றல்ல. இன்னொரு விஷயம், பெயர்பெற்ற கம்பெனி அட்டைப்பெட்டியில் போலி பேரிங் வருவது இந்த வியாபாரத்தில் பழைய கதை. வழக்கத்தைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், பில்லோடு வாங்குங்கள்.

உங்கள் பகுதியில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அந்த மாதங்களில் வண்டி கொட்டகையில் நிற்கும், பிறகு வெளியே வரும்போது புல்லிகளின் காடிக்குள், அதாவது பெல்ட் உட்காரும் பள்ளத்துக்குள், துரு பூத்திருக்கும். அந்தத் துரு புது பெல்ட்டின் பக்கங்களை அரம்போல் ராவி எடுத்துவிடும். புது பெல்ட் போடுவதற்கு முன் எமரித் தாளால் காடிகளைச் சுத்தமாகத் தேய்த்துத் துடையுங்கள். காடியின் அடிப்பாகம் பளபளவென்று மின்னினால் வேறு கணக்கு. உங்களுடையது போன்ற வி வடிவ பெல்ட் காடியின் இரு பக்கச் சுவரைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், அடியைத் தொடவே கூடாது. அடி மின்னுகிறது என்றால் சுவர் தேய்ந்து பெல்ட் கீழே இறங்கிவிட்டது, புல்லியை மாற்றுங்கள். லேத்தில் கொடுத்துக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். டெக் புல்லிகளில் பெரும்பாலானவை தகட்டை அழுத்திச் செய்தவை. கடைவதற்கு அதில் சதை இல்லை.

வேலை முடிந்ததும் தோட்டக்காரர் ஹோஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறாரா என்று விசாரியுங்கள். சூடான பேரிங்கில் தண்ணீர் பாய்ச்சுவதைவிட விரைவாக அதை ஒழிக்க வழியில்லை. டெக்கின் மேல்பக்கம் ஒட்டிய புல்லைக் காய்ந்ததும் பிரஷ்ஷால் தள்ளினால் போதும்.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சல் தரும் இடத்துக்கு வருகிறேன். பெல்ட் என்றால் உடனே பணம், பேரிங் என்றால் மூன்று கொட்டேஷன். ஏறக்குறைய எல்லா அலுவலகத்திலும் இதே நடைமுறைதான். பெல்ட் தேய்பொருள், வவுச்சரில் போய்விடும். பேரிங் உதிரிபாகம், அதற்குக் கோப்பு நகர வேண்டும், யாரோ கையெழுத்திட வேண்டும், குறைந்த விலை சொன்னவரிடம் வாங்க வேண்டும். இப்படிச் சில நூறு ரூபாய் பேரிங்கை மிச்சம்பிடித்து, அதைவிட அதிகப் பணத்தை பெல்ட்டாகக் கருக்குகிறார்கள். தணிக்கையில் ஒருவரும் கேட்பதில்லை, ஏனெனில் ஒவ்வொரு பில்லும் சரியாக இருக்கிறது. உங்களுக்கு என் யோசனை: செத்த நான்கு பெல்ட்டையும் கடையில் வாங்கிய மூன்றின் பில்லையும் ஒன்றாக மேலதிகாரி மேசையில் வையுங்கள். பக்கத்தில் பேரிங்குகளுக்கும் ஒரு சரியான பெல்ட்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பீடு. 'டெக் பெல்ட் பழுது, ஒரு தொகுப்பு' என்று தலைப்பிடுங்கள். தனித்தனியாகக் கேட்டால் பேரிங்கை வெட்டிவிடுவார்கள்.

டெக்கையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் எந்தப் பாகம் போயிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தகடு ஓட்டையாகிப் போய் ஸ்பிண்டில் உட்காரும் இடமே கிழிந்திருந்தால் அவர் சொல்வது நியாயம். இல்லையென்றால் அவருக்குத் தெரிந்த யாரிடமோ ஒரு பழைய டெக் விலைபோகாமல் கிடக்கிறது. இதே ஆட்கள் இன்னொரு பாட்டும் பாடுவார்கள்: பச்சை நிற பெல்ட், நீல நிற பெல்ட், உள்ளே கெவ்லார், இறக்குமதி. மேலே இருப்பது துணி. துணிக்கு எந்தச் சாயமும் ஏற்றலாம். உள்ளே ஓடும் நாண் எது என்பதை நிறம் சொல்லாது. புல்வெட்டும் வண்டிக்கென்று செய்த பெல்ட்டில் பெரும்பாலும் அராமிட் நாண் (கெவ்லார் இந்த வகை இழைதான்) இருக்கும், பின்முதுகில் புல்லி அழுத்துவதையும் லிவர் போடும்போது வழுக்குவதையும் தாங்கும். கம்ப்ரசருக்கும் மாவு அரைவை இயந்திரத்துக்கும் போகும் சாதாரண ஏ வகை அவ்வளவு தாங்காது. அப்படியானால் ஏ94 வேண்டாமா என்றால், கையில் வேறு கிடைக்கும் வரை போட்டு ஓட்டுங்கள். சரியான நீளத்தில் சாதாரண பெல்ட், தவறான நீளத்தில் உயர்ந்த பெல்ட்டைவிட நன்றாக உழைக்கும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் தவறினால் நஷ்டம் பெல்ட்டோடு நிற்காது. சில டெக்குகளில் இரண்டு பிளேடுகளும் சுழலும் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வெட்டிய புல்லை நடுவழியாகப் பின்பக்கப் பெட்டிக்குத் தள்ளும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். அங்கே ஒரு பிளேடு குறுக்காக நின்றால் மற்றது நெடுக்காக நிற்கும். அந்தச் செங்கோணம் மாறாமல் இருக்கத்தான் பல் வைத்த பெல்ட். உள்பக்கம் பல் வரிசை இருந்தால், மேலே எழுதிய நீளக் கணக்கு எதையும் அதற்குப் பொருத்தாதீர்கள். டேப் வேண்டாம். பற்களை எண்ணுங்கள், பல்லுக்குப் பல் இடைவெளியைக் குறியுங்கள், அகலத்தைக் குறியுங்கள், மூன்றும் பொருந்தினால் மட்டும் வாங்குங்கள். மாட்டும்போது இரு பிளேடும் செங்கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்து மாட்டி, கையால் பல முழுச் சுற்று திருப்பிப் பார்த்த பிறகே இன்ஜினைத் தொடுங்கள். பல் தாண்டியிருந்தால் பிளேடும் பிளேடும் மோதக்கூடும். உங்கள் பெல்ட் 4எல் என்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் வண்டியைப் பார்த்து அதே மாதிரி வாங்கிவராதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாட்டும் முறை. பழையதைக் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுங்கள். தட்டையான ஐட்லர் புல்லி பெல்ட்டின் முதுகைத் தொடும், காடியுள்ள புல்லி உள்பக்கத்தைப் பிடிக்கும். பெல்ட் வெளியே தாவாமல் காக்கும் கம்பிகளுக்கு உள்ளேதான் பெல்ட் போக வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றித் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி ஏற்றினால் உள்ளே சில நாண்கள் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு பெல்ட் காரணமில்லாமல் புரள்கிறது என்பீர்கள். நழுவலுக்கு ரோசின் பொடி, பெல்ட் ஸ்பிரே எதுவும் அடிக்காதீர்கள். கிறீச்சிடும் சத்தம் அன்றைக்கு நிற்கும், புல்தூள் ஒட்டிக்கொண்டு அடுத்த வாரம் பெல்ட் போகும்.

மழைக்குப் பிறகு கோரை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தால் டெக்கை உயர்த்தி வைத்து ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை என இரண்டு முறையாக வெட்டச் சொல்லுங்கள். லிவரை இன்ஜின் மெதுவாக ஓடும்போது போட்டு, பிறகு முழு வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று பாதி வேகத்தில் அடர்புல்லை வெட்டினால் பிளேடு திணறும், பெல்ட் நழுவும்.

இந்த வாரம் வாங்க வேண்டியவை: ஆட்டம் கண்ட பேரிங்குகள் 2ஆர்எஸ், புல்வெட்டும் வண்டிக்கென்று செய்த பெல்ட் 4எல் 960 அல்லது தற்காலிகத்துக்கு ஏ94. பில்லில் பெல்ட் எண்ணை முழுதாக எழுதி வாங்குங்கள். 'பெல்ட் 1' என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் நாளைக்கு மாற்றித் தரமாட்டார்கள்.