வெனிஸ் ரயில்: எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

ரோமிலிருந்து வெனிஸ் போகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டிக்கெட் தேடினால் வெனிசியா மெஸ்த்ரே, வெனிசியா சாந்தா லூசியா என்று இரண்டு ஸ்டேஷன் வருகிறது. எதில் இறங்குவது? மெஸ்த்ரேயில் ஹோட்டல் மலிவு. கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி."

ஹோட்டல் எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஸ்டேஷன் தானாக முடிவாகிவிடும். மெஸ்த்ரே கரையில் இருக்கும் சாதாரண ஊர். சாந்தா லூசியாதான் தண்ணீருக்கு நடுவே இருக்கும் வெனிஸ். இடையில் 1846இல் திறந்த ரயில் பாலம். பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம், வண்டிகளும் அடிக்கடி உண்டு.

அம்மாவுக்காகச் சொல்கிறேன்: காசு கொஞ்சம் கூடினாலும் தீவிலேயே தங்குங்கள். மெஸ்த்ரே என்றால் மத்தியானம் கால் வலித்தாலும் சட்டென்று அறைக்குப் போய்ப் படுக்க முடியாது. ஆனால் தீவிலும் இடம் பார்த்துப் பிடிக்க வேண்டும். வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் ஏறி இறங்கப் படிக்கட்டு. பெட்டியைத் தூக்கித்தான் கடக்க வேண்டும். சாந்தா லூசியா வாசலில் இறங்கி இடப்பக்கம் திரும்பினால் லிஸ்டா டி ஸ்பாஞா என்ற தெரு. குல்யே பாலம் வரும் வரை ஒரு படிகூடக் கிடையாது. அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கமாக அறை கிடைத்தால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள்.

ஊர் சுற்ற வாப்பொரெட்டோ, அதாவது தண்ணீரில் ஓடும் டவுன்பஸ். ஸ்டேஷன் எதிரிலேயே ஃபெரோவியா நிறுத்தம். 1ஆம் எண் படகு ஊரின் பெரிய நீர்வழியான கிராண்ட் கால்வாயில் நின்று நின்று, வெனிஸின் முக்கியச் சதுக்கமான சான் மார்கோ போகும், முக்கால் மணி நேரம் ஆகும். அவசரமில்லாத அம்மாக்களுக்கு அதைவிடச் சுகமான சவாரி இல்லை. 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ என்பதால், நாளுக்கு மூன்று தடவை ஏறுவதாக இருந்தால் நாள் பாஸ் எடுங்கள்.

அப்புறம் டிக்கெட் விஷயம். ரோமிலிருந்து வரும் அதிவேக வண்டியில் சீட் எண்ணோடு டிக்கெட் தருவார்கள், ஏறி உட்கார்ந்தால் போதும், சுமார் நான்கு மணி நேரம். மெஸ்த்ரேயிலிருந்து ஏறும் ரெஜியோனாலே, அதாவது சாதாரண உள்ளூர் வண்டிக்குக் காகித டிக்கெட் வாங்கினால், பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன மெஷினில் முத்திரை குத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். போனில் வாங்கினால் ஏறுவதற்கு முன் அதிலேயே செக்-இன் அழுத்த வேண்டும். மறந்தால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான்.