கொம்பை எண்ணிச் சுடும் ஊர்

கேள்வி: பென்சில்வேனியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மான் வேட்டைக்குப் போகிறவர். ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளை இருந்தால்தான் சுடலாமாம். சுடுவதென்று ஆன பிறகு கொம்பை எண்ணுவது எதற்கு? இப்படி விதி போடும் முன் அங்கே மக்களைக் கேட்பார்களா?
– வாசகி, மதுரை

பதில்: அந்த விதி 2002-ல் வந்தது. அதற்கு முன் அங்கே சுடப்பட்ட ஆண் மான்களில் சுமார் 80 சதவீதம் ஒன்றரை வயது இளசுகள். மூத்த ஆணைப் பார்ப்பதே அரிது. அதனால் பெரும்பாலான பகுதிகளில் மூன்று கிளை, மேற்கே நான்கு என்று வைத்தார்கள். ஒரு அங்குலமாவது நீண்டிருந்தால்தான் அது கிளை. சிறுவர்களுக்கு விலக்கு உண்டு. வெள்ளைவால் மானின் முதல் கொம்பு பெரும்பாலும் சின்னது என்பதால், இளசுகளில் பாதியாவது தப்பும் என்பது கணக்கு. அது பலித்தது.

ஆனால் கொம்பு விதியால் மான் எண்ணிக்கை குறையாது, அம்மா. ஒரு ஆண் பல பெண் மான்களோடு சேரும். எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெண் மான்தான். நான் அந்த மாநிலத்தில் படித்த காலத்தில், மான் நுழையாதபடி வேலி போட்ட காட்டுத் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஓக் கன்றுகளும் டிரில்லியம் பூக்களும் இருக்கும். வெளியே மான் தொடாத பெரணி மட்டும்தான். முளைக்கிற கன்றையெல்லாம் மான் கடித்துவிட்டால், இன்றைய மரங்கள் விழுந்த பிறகு அங்கே காடு ஏது?

பெண் மானைச் சுடக் கூடாது என்று தாத்தா காலத்திலிருந்து பழகிய வேட்டைக்காரர்களிடம் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கேரி ஆல்ட் சொன்னார். கரடி ஆய்வாளராகப் பேர் வாங்கியவர், மாநில வேட்டை ஆணையத்தில் மான் பிரிவின் பொறுப்புக்கு வந்ததும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார். கொம்பு விதிக்கு நிறைய ஆதரவு கிடைத்தது. பெண் மான் வேட்டை கூடி, மான் கண்ணில் படுவது குறைந்ததும் கசப்பு வந்தது. வேட்டைக்காரர் சங்கம் ஒன்று வேட்டை ஆணையத்தை நீதிமன்றத்துக்கே இழுத்தது. 2004 முடிவில் ஆல்ட் விலகிவிட்டார். கொம்பு விதி மட்டும் நிலைத்தது. ஓர் அரசு அதிகாரி கோபக்காரர்கள் நிறைந்த அரங்கில் நின்று படம் காட்டி விளக்கியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மக்களைக் கேட்பதில் மிச்சிகன் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு பகுதிக்குக் கொம்பு விதி வேண்டுமென்று ஒரு குழு கேட்டால், அங்கே வேட்டையாடுகிறவர்களிடம் கணிப்பு எடுப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால்தான் கட்டாயமாகும் என்று முறை வைத்தார்கள். 2013-ல் மாநிலத்தின் வடமேற்கில் 12 கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்றவை) அப்படித்தான் விதி வந்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. இளசை விட்டுவிட்டு மூத்ததற்காகக் காத்திருப்பது பெரும்பாலும் வேட்டைக்காரர்களின் விருப்பம். விருப்பத்தை வாக்குக்கு விடலாம். காட்டின் கன்றுகளையும் மான்களின் நோயையும் அப்படி விட முடியாது. மிசூரியில் 2004-ல் தொடங்கிய நான்கு கிளை விதியை, மூளையை அழிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் பரவிய கவுண்டிகளில் பிறகு எடுத்துவிட்டார்கள். அந்த நோய் வளர்ந்த ஆண்களிடம் அதிகம். இளம் ஆண்கள் இடம்பெயரும்போது கூடவே பரவும். பலருக்குப் பிடித்த விதிதான், இருந்தும் எடுத்தார்கள். சரியான முடிவு.

கேள்வி: பெரிய கொம்பு மானையே தேடிச் சுட்டால், மிஞ்சுவது நோஞ்சான்கள்தானே?
– வாசகர், தேனி

பதில்: மிசிசிப்பியில் அந்தக் கவலை எழுந்தது. 1995-ல் இரண்டு கொம்புக்கும் சேர்த்து நான்கு கிளை என்று மாநிலம் முழுக்க விதி போட்டார்கள். வளமான மண்ணில் நன்றாக வளர்ந்த இளசுக்கு அந்த வயதிலேயே நான்கு கிளை வந்துவிடும். அது சுடப்படும், சின்னக் கொம்புள்ளது பிழைக்கும். ஆய்வாளர்கள் இதைக் காட்டிய பிறகு, கிளையை எண்ணுவதை விட்டு, கொம்பின் அகலத்தையோ நீளத்தையோ பார்க்கும் விதிக்கு மாறினார்கள்.