கோடையில் ஆறு பச்சையாவதும் மழையில் பாசி மறைவதும் ஏன்?

"சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் ஆறு பச்சையாகிவிடுகிறது. மழை வந்ததும் பாசியைக் காணோம். சாக்கடை காரணமா, வெயில் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கிற விதத்தைப் பார்த்தால் கரையோர ஊர்க்காரர், வீட்டுப் பிள்ளைகள் ஆற்றில் குளிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இதற்கு ஏற்கெனவே ஒருவர் "பாசி பிடித்தால் ஆறு செத்துவிட்டது" என்று ஒரே வரியில் பதில் எழுதி, ஏகப்பட்ட ஆதரவு வாக்கும் வாங்கியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். பாசியே இல்லாவிட்டால் ஆற்று மீன் எதைத் தின்னும் ஐயா?

நான் தாவரவியல்காரன். எம்.ஃபில்லுக்குத் தாமிரபரணிப் பாசிதான் தலைப்பு. அதனால் நான் சொல்வதெல்லாம் அந்த ஆற்றை வைத்துத்தான். வைகை, பாலாறு கதை வேறு. அங்கே பாசி வளர முதலில் தண்ணீர் வேண்டும்.

மழையோடு பாசி போய்விடுவதில்லை. பச்சை போய்ப் பழுப்பு வருகிறது. பழுப்பை யாரும் பாசிக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

தாமிரபரணிக்கு இரண்டு மழை உண்டு. தென்மேற்குப் பருவத்தில் பொதிகையில் பெய்வது அணைகளில் சேர்ந்து கார் சாகுபடிக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை இறங்கும்போது ஆறே பெருகும். வெள்ளத்தில் உருண்டு வரும் மணலும் கல்லும் பாறையில் ஒட்டியிருப்பதைத் தேய்த்து எடுத்துவிடும். கலங்கல் நீரில் வெளிச்சமும் அடிவரை போகாது. 2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. அந்த வெள்ளம் வடிந்த பிறகு திருநெல்வேலி குறுக்குத்துறைக்குப் போனேன். முருகன் கோயிலை ஒட்டிய பாறைகளில் வெறுங்காலோடு நடக்க முடிந்தது, வழுக்கவே இல்லை. அங்கே குளித்துப் பழகியவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று தெரியும்.

தை பிறந்தபோது மறுபடி வழுக்க ஆரம்பித்துவிட்டது. கல்மேல் படியும் அந்த மெல்லிய பழுப்பு வழவழப்புதான் டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி. இதன் கூடு சிலிக்காவால் ஆனது. மலைப்பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா மழைநீரோடு வந்து சேர்ந்திருக்கும். நீரும் தெளிந்து, குளிர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும். டயாட்டத்துக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு கல்லைத் தேய்த்துத் தட்டில் கழுவி, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் கூம்பிய நேவிகுலா என்ற டயாட்டம் தானாகவே நகரும். மணல் துகளில் முட்டினால் சற்று நின்று, வந்த வழியே பின்னால் போகும். கால் இல்லை, துடுப்பு இல்லை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வெள்ளம் துடைத்த கல்லில் முதலில் குடியேறுவது கல்லோடு படிந்து கிடக்கும் பொடிப்பொடி டயாட்டங்கள். பிறகு காம்போனிமா மாதிரி காம்பு விட்டு எழும் டயாட்டங்கள். இழைப் பாசி அதற்கப்புறம்தான். மாசி, பங்குனியில் நீர் வற்றி, ஓட்டம் தளர்ந்து, வெயில் நேரே அடியில் விழும்போது அது நீள ஆரம்பிக்கும். கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு நழுவுவது பெரும்பாலும் ஸ்பைரோகைரா. சொரசொரவென்று இருந்தால் கிளாடோஃபோரா. இதுவரை பயப்பட ஒன்றுமில்லை.

சித்திரை, வைகாசிதான் சிக்கல். அணைக்கட்டுக்குப் பின்னால் நீர் அசையாமல் கிடந்து சூடேறும். ஊர்க் கழிவு வழக்கமான அளவில்தான் வரும், அதைக் கரைத்துக் கொண்டுபோக ஆற்று நீர்தான் இருக்காது. அப்போது ஆசிலட்டோரியா, மைக்ரோசிஸ்டிஸ் கை ஓங்கும். இவற்றை நீலப்பச்சைப் பாசி என்கிறோம். உண்மையில் பாக்டீரியா இனம். மைக்ரோசிஸ்டிஸ் செல்லுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் உண்டு. அவற்றைக் கொண்டு மேலே மிதந்து வெளிச்சத்தை வளைத்துப் போட்டுக்கொள்ளும். ஓடும் நீரில் அந்த வித்தை எடுபடாது. ஆகவே என் கட்சி இதுதான்: வெயிலுக்கும் சாக்கடைக்கும் முன்னால் ஓட்டத்தைப் பாருங்கள். எந்தப் பாசி வரும் என்பதைப் பெரும்பாலும் பருவமும் ஓட்டமும் முடிவு செய்யும். வந்தது எந்த அளவுக்குப் பெருகும் என்பதில்தான் கழிவின் கை இருக்கிறது.

சாக்கடை விடுகிறவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வைகாசியில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, அதை வைத்து ஆற்றுக்கு ஆண்டு முழுமைக்கும் சான்றிதழ் எழுதாதீர்கள் என்கிறேன். மார்கழியில் எடுத்து "சுத்தம்" என்று எழுதினாலும் அதே தப்புதான். மேட்டூரில் எப்போதும் பச்சையாக இருக்கிறதே என்பவர்களுக்கு: அது தேக்கிய நீர், அந்தக் கணக்கு வேறு.

இதையெல்லாம் படித்து என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். சொந்தத்தில் இன்றும் "பாசி படிச்ச பையன்" என்றுதான் பெயர். பெண் பார்க்கப் போன வீட்டில் "குளம் சுத்தம் பண்ற வேலையா தம்பி?" என்று கேட்டார்கள். கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்த கல்லூரியில் கேமரா வைத்த நல்ல மைக்ராஸ்கோப் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் மாலை போடாத குறையாக வெளியே வரும். மாணவர்களுக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்த பழசு. சம்பளம் எந்த மாதம் வரும் என்பதைத் தனிக் கேள்வியாக யாராவது கேளுங்கள், அதற்கும் விரிவாக எழுதுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குச்சியால் அந்தப் பச்சையைத் தூக்கிப் பாருங்கள். இழை இழையாகக் குச்சியில் தொங்கினால் இழைப் பாசி; வழுக்கி விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். குச்சியில் எதுவும் சிக்காமல், பச்சைப் பெயின்ட் கொட்டியது போல மேலே ஆடை படர்ந்து, மண்வாடையோ அழுகல் வாடையோ அடித்தால் அங்கே பிள்ளைகளை இறக்காதீர்கள், ஆடு மாடுகளையும் குடிக்க விடாதீர்கள். எல்லா ஆடையும் நஞ்சு இல்லை, ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும். காய்ச்சினாலும் அது போகாது, ஆகையால் அந்த நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.